தூங்கா நகரம் மத்தியானம் தூங்கும்

மேற்குக் கோபுர வாசல். மே மாசம். மணி 12:50.

தோள்ல ஒரு பை, கையில ஒரு டிராலி பெட்டி, காலைக் கட்டிக்கிட்டு அழுற 6 வயசுப் பையன். பின்னாடி என் மனைவி தங்கமணி. அவளுக்குப் பின்னாடி 11 வயசுப் பொண்ணு. எல்லாருக்கும் பின்னாடி, ஒரு கடை நிழல்ல நின்னு முந்தானையால விசிறிக்கிட்டிருக்கிற அம்மா.

செருப்பு டோக்கன் குடுக்கிற அண்ணன் ரொம்பத் தன்மையாத்தான் சொன்னாரு.

"நடை சாத்தியாச்சுண்ணே. இனி நாலு மணிக்கு மேலதான்."

சென்னையிலேருந்து கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் வந்து, சாத்தின கதவைத் தரிசனம் பண்ணிட்டு நின்னோம்.

மீனாட்சி மேல தப்பில்லை. தேவஸ்தானம் மேலயும் தப்பில்லை. தப்பு என்னோட எக்சல் மேல.

(சிரிக்காதீங்க. ரெண்டு நாள் ஊர் சுத்த எக்சல் போடுற ஆளு உங்க வீட்லயும் ஒருத்தர் இருப்பாரு. இல்லைன்னா அது நீங்கதான்.)

அந்த எக்சல்ல மொத்தம் 17 வரி. மஞ்சள் கலர்னா கோயில், பச்சைன்னா சாப்பாடு, நீலம்னா வரலாறு. முதல் மஞ்சள் கட்டத்துல "12:45 முதல் 2 வரை, மீனாட்சி அம்மன்"னு போட்டிருந்தேன். அவ்ளோ நம்பிக்கை.

அம்மாகிட்ட திரும்பி, "ஏம்மா, மத்தியானம் நடை சாத்துவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"ன்னேன்.

"எந்தக் கோயில்டா மத்தியானம் தொறந்திருக்கும்?"

"அப்போ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்கடா கேட்ட? கம்ப்யூட்டர்லல்ல போட்டிருந்த!"

தங்கமணி கோபுரத்தைப் பாக்குற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டா. தோள் மட்டும் குலுங்குச்சு.

சரி, எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன்னு சொல்றேன்.

போகும்போது தேஜஸ்ல போவோம்னு முடிவு பண்ணினேன். எழும்பூர்ல காலை 6 மணிக்குக் கிளம்பி மத்தியானம் 12:15 வாக்குல மதுரையில இறக்கி விட்டுடும். பகல் ரயில்னா பசங்க வேடிக்கை பாப்பாங்க, ராத்திரித் தூக்கம் கெடாது. கணக்கு சரியாத்தானே இருக்கு?

வேடிக்கைக்குக் குறையே இல்லை. கொள்ளிடம் பாலம் வந்ததும் சின்னவன் ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கிட்டான். (தண்ணி அங்கங்க ஓடை மாதிரி. மணல்தான் ஜாஸ்தி.) அடுத்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். 236 அடி. நாம என்னமோ ஆயிரம் வருஷம் பழசுன்னு நினைச்சுக்கிட்டு கும்பிடுவோம், ஆனா பல நூற்றாண்டா அரைகுறையா நின்ன கோபுரம் அது. கட்டி முடிச்சது 1987-ல. "அப்போ அப்பாவை விடச் சின்னது"ன்னா மூத்தவ. பெட்டியில முன் சீட்டு, பின் சீட்டு எல்லாருக்கும் என் வயசு தெரிஞ்சு போச்சு.

மணப்பாறை வந்ததும் அம்மா முறுக்குக்காகப் பர்ஸைத் திறந்தாங்க. வண்டி நிக்காம போயிடுச்சு. "என்னடா ரயில் இது, முறுக்கு வாங்கக்கூட நிக்காத ரயில்!" அதுலேருந்து அம்மா கல்யாணமான புதுசுல போன வைகை எக்ஸ்பிரஸ் கதை ஆரம்பம். 1977 ஆகஸ்ட் 15-ல விட்ட வண்டி. அப்போ மீட்டர்கேஜ். அந்தச் சின்னத் தண்டவாளத்துல அது பறந்த வேகத்துக்கு அந்தக் காலத்துல பெரிய பேர். "உங்கப்பா கையில காப்பி டம்ளர் நிக்கவே நிக்காது, புதுப் பொடவை பூரா காப்பி." திண்டுக்கல் வரைக்கும் அந்தப் பொடவை கலர் என்னங்கிறது ஓடுச்சு.

கூடல் நகர் தாண்டி வைகைப் பாலம். அடுத்தது மதுரை. பன்னிரண்டேகால். ஆட்டோ. சாத்தின கதவு.

சரி, கோயில் இல்லைன்னா நீலக் கட்டத்துக்குத் தாவுவோம், காந்தி மியூசியம்னு பாத்தா, அங்க 1 மணியிலேருந்து 2 மணி வரைக்கும் சாப்பாட்டு இடைவேளை! எக்சல் முழுக்க ஒரே சிவப்பாத் தெரிய ஆரம்பிச்சுது. (அது வெயில்ல நின்ன கோளாறாகவும் இருக்கலாம்.)

லாட்ஜ்ல பெட்டியைப் போட்டுட்டு, வெளக்குத்தூண் பக்கம் போய் ஆளுக்கொரு ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சின பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேல ஒரு கரண்டி ஐஸ்கிரீம். அன்னிக்கு மத்தியானம் எங்களைக் காப்பாத்தினது அதுதான். சின்னவன் ரெண்டாவது கேட்டான். குடுத்தேன். அதுக்கான பலனை சாயங்காலம் அனுபவிச்சேன். அதை விரிவா எழுத வேணாம்னு தங்கமணி சொல்லிட்டா.

4 மணிக்கு நடை திறந்தாங்க. மத்தியானம் பூரா எங்கள மாதிரியே காத்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்துல உள்ள. தரிசனம் முடிச்சு வெளிய வந்தப்போ ஏழு. பசங்க ரெண்டும் நடந்துக்கிட்டே தூங்குதுங்க. ரூமுக்கு வந்து எட்டு மணிக்கெல்லாம் லைட்டை அணைச்சாச்சு.

ஜன்னலுக்கு வெளிய கொத்து பரோட்டா போடுற சத்தம். டக டக டக டக. ஊரே அப்பத்தான் எந்திரிச்சு முகம் கழுவின மாதிரி கலகலன்னு இருக்கு.

ஊர் தூங்கினப்போ நாங்க ரோட்ல. ஊர் முழிச்சப்போ நாங்க கட்டில்ல.

இருட்டுல அம்மா குரல்: "தூங்கா நகரம்னா ராத்திரி தூங்காத ஊருடா. மனுஷன் எப்பவாவது தூங்கணும்ல? அதான் மத்தியானம் தூங்குது."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்ளோ நீளப் பதிவு.

ஊருக்குத் திரும்பினதும் எக்சலை அழிச்சேன். (பொய். "மதுரை பழசு"ன்னு பேர் மாத்தி வெச்சிருக்கேன்.) டிசம்பர்ல மறுபடி போவோம்னு முடிவாச்சு. இந்த முறை ஊர் எப்போ முழிக்குதோ அப்போ நாமளும் முழிக்கணும், அவ்ளோதான் திட்டம். வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன்ல ஏறினா விடியறப்போ மதுரை. ஞாயித்துக்கிழமை ராத்திரி அதுலயே திரும்பினா திங்கள் விடியக்காலம் எழும்பூர். நடுவுல முழுசா ரெண்டு பகல், முக்கியமா ஒரு முழு ராத்திரி.

டிக்கெட் விஷயத்துலயும் போன முறை ஒரு பாடம் படிச்சேன். மே மாசம் திரும்பினப்போ அஞ்சு பேரையும் ஒரே டிக்கெட்ல போட்டேன். குடும்பம்னா ஒண்ணாப் போகணும்ல? 67 வயசு அம்மாவுக்கு அப்பர் பெர்த் வந்துச்சு. ஏணியை அண்ணாந்து பாத்து அம்மா, "இதுலயும் கோபுர தரிசனமா?"ன்னாங்க. ஒரு காலேஜ் தம்பி, யாரும் கேக்காமலே, "பாட்டி, நீங்க கீழ படுங்க"ன்னு மேல ஏறிப் படுத்துக்கிட்டான். அவன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

அப்புறம்தான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். வயசானவங்களுக்கான லோயர் பெர்த் கோட்டா, அவங்க தனியாவோ, அப்படிப்பட்ட ரெண்டு பேராவோ டிக்கெட் போட்டாதான் வேலை செய்யும். கூட்டத்தோட போட்டா கம்ப்யூட்டருக்கு அம்மாவும் ஒண்ணுதான், ஆறு வயசுப் பையனும் ஒண்ணுதான். (அந்தப் பையனுக்கும் தனி பெர்த் கேட்டா முழு டிக்கெட். 2016-லேருந்து அப்படித்தான். அரை டிக்கெட் எடுத்தா மடியில வெச்சுக்கலாம். என் பையனை ராத்திரி பூரா மடியில வெச்சுக்கிட்டவங்களுக்குத்தான் முழு டிக்கெட்டோட அருமை தெரியும்.)

இன்னொண்ணு. முன்னாடி நாலு மாசத்துக்கு முன்னயே புக் பண்ணலாம். 2024 நவம்பர்லேருந்து அது 60 நாளாச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டின்னா அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு, கையில காப்பி கூட இல்லாம உக்காரணும். உக்காந்தேன். அம்மாவுக்குத் தனி டிக்கெட், எங்க நாலு பேருக்குத் தனி டிக்கெட்.

அம்மாவுக்கு லோயர் பெர்த் கிடைச்சுது! ஆனா எங்களுக்கு ரெண்டு பெட்டி தள்ளி.

"தனியா இருந்துப்பியாம்மா?"ன்னு அஞ்சு தடவை கேட்டேன். செங்கல்பட்டு தாண்டி எட்டிப் பாக்கப் போனா, அம்மா மேலூர்க்காரக் குடும்பம் ஒண்ணோட உக்காந்து புளியோதரை சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. என்னைப் பாத்து, "நீ ஏன்டா வந்த? போய்ப் படு"ன்னாங்க.

காலையில மதுரையில இறங்கினப்போ அம்மா கையில ஒரு துண்டுச் சீட்டு. எங்க இட்லி நல்லா இருக்கும், எந்த நேரம் எந்த வாசல்ல கூட்டம் இருக்காது, பூ எங்க வாங்கணும். கடைசி வரி: "ராத்திரி பள்ளியறை பாக்காம வரக்கூடாது." நான் ஒரு வாரம் இணையத்துல தேடிச் சேத்ததை விட அந்தச் சீட்டுல விஷயம் அதிகம்.

இப்போ ரெண்டாவது மதுரை.

ஸ்டேஷனுக்கு எதிர்லயே டவுன் ஹால் ரோடு. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில ஒரு லாட்ஜ். மூத்தவ போர்டைப் பாத்துட்டு, "யாருப்பா இந்த மேஸ்திரி?"ன்னா. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். பழைய மதுரையைச் சுத்தி ஒரு கோட்டைச் சுவர் இருந்துது. 19-ஆம் நூற்றாண்டுல கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடிச்சு, அகழியைத் தூர்த்து, ஊரைப் பெருசாக்கினாரு. அப்படி வந்ததுதான் வெளி வீதிகள். அந்த வேலையில இருந்த சர்வேயர் மாரட் பேர்ல ஒரு வீதி, வேலைக்காரங்களை நடத்தின பெருமாள் மேஸ்திரி பேர்ல ஒரு வீதி. கலெக்டருக்கு? நாங்க மே மாசம் ஜிகர்தண்டா குடிச்சோமே, அந்த வெளக்குத்தூண்தான் அவரு ஞாபகமா வெச்சது. மேஸ்திரி பேரை தினமும் ஊரே சொல்லுது, கலெக்டர் பேரைக் கேட்டா நின்னு யோசிக்குது. எனக்கென்னவோ மேஸ்திரிக்குத்தான் லாபம்.

குளிச்சுட்டு ஆறரைக்கெல்லாம் கோயில். செல்போனை வெளியவே குடுத்துடணும். 2018 பிப்ரவரியில வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சதுக்கு அப்புறம் வந்த கட்டுப்பாடு. மே மாசம் இதுக்கு எரிச்சல்பட்டேன். இப்போ சொல்றேன், குடும்பத்தோட எடுத்த எந்தப் படத்தையும் விட அந்தப் படம் எடுக்காத காலைதான் நல்லா ஞாபகம் இருக்கு.

கல்லு தரை ஜில்லுன்னு இருக்கு. கூட்டம் இல்லை. பரதநாட்டியம் கத்துக்கிற மூத்தவ வெள்ளியம்பலத்துல நின்னு, "அப்பா, நடராஜர் கால் மாத்தி நிக்கிறாரு!"ன்னா. எல்லா இடத்துலயும் இடது காலைத் தூக்குறவர் இங்க வலது காலைத் தூக்கி ஆடுறாரு. பாண்டிய ராஜா ஒருத்தர் ஆடக் கத்துக்கிட்டப்போ கால் வலிச்சுதாம். ஐயோ, சுவாமி எத்தனை காலமா ஒரே கால்ல நிக்கிறாரேன்னு வேண்டிக்கிட்டாராம், கால் மாத்திட்டாராம். "எங்க மிஸ்ஸுகிட்டயும் வேண்டிக்கணும்"ன்னா இவ.

முக்குறுணிப் பிள்ளையார் முன்னாடி சின்னவன் வாயைப் பொளந்துட்டான். அவ்ளோ பெருசு. வண்டியூர்ல தெப்பக்குளம் வெட்டினப்போ கிடைச்சவர்னு சொல்வாங்க. அவ்ளோதான், "அந்தப் பள்ளத்தைக் காட்டு"ன்னு ஆரம்பிச்சுட்டான். ஞாயித்துக்கிழமை காலையில தெப்பக்குளம் போய்க் காட்டினேன். தண்ணி நிறைய இருந்துது. "இன்னொரு பிள்ளையார் உள்ள இருப்பாரா?" தெரியலைடா.

பத்து மணிக்கு காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் காலத்து தமுக்கம் அரண்மனைதான் இப்போ மியூசியம். 1959-ல நேரு வந்து திறந்து வெச்சாரு. காந்தியைச் சுட்ட அன்னிக்கு அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிஞ்ச துணி அங்க இருக்கு. அது முன்னாடி மட்டும் என் பிள்ளைங்க ரெண்டும் சத்தம் போடலை. காந்தி சட்டையைத் துறந்து இடுப்புத் துணிக்கு மாறினதும் இதே மதுரையிலதான். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதியில ஒரு வீட்டு மாடியில தங்கியிருந்தப்போ. வழியில அந்த வீட்டையும் வெளிய நின்னு பாத்தோம்.

(மாசி வீதி, சித்திரை வீதின்னு மாசப் பேரா வெச்சிருக்காங்களே, அப்போ சித்திரைத் தேர் சித்திரை வீதியில ஓடும்னு நினைப்பீங்க. இல்லை. மாசி வீதியில ஓடும். மாசியில நடந்த திருவிழாவை திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாத்தினாரு, தேர் பழைய வீதியிலேயே ஓடுதுன்னு சொல்றாங்க. கோயிலே தேதி மாத்தியிருக்கு, நான் எக்சல் மாத்தினா என்ன?)

பன்னிரண்டரை மணி. சாப்பாடு. பசங்களுக்கும் எனக்கும் கறி தோசை, கோலா உருண்டை. சனிக்கிழமைங்கிறதால அம்மாவுக்கு இலைச் சாப்பாடு.

ஒரு மணி.

அங்க மீனாட்சி நடை சாத்தியிருக்கும். மியூசியத்துல சாப்பாட்டு இடைவேளை. தெருவுல பாதிக் கடைக்காரங்க ஸ்டூல்ல சாஞ்சு கண்ணு சொக்கியிருந்தாங்க.

ரூமுக்கு வந்தோம். கதவைச் சாத்தினோம். ஃபேனைப் போட்டோம். அஞ்சு பேரும் படுத்தோம்.

ஊர் பாக்க வந்த இடத்துல மத்தியானம் மூணு மணி நேரம் தூங்குறதா? போட்ட காசு என்னாகுறதுன்னு மே மாசத்து நான் கேட்டிருப்பேன். டிசம்பர் மாசத்து நான் குறட்டை விட்டேன்னு தங்கமணி சொல்றா. (தூக்கம் வராத பிள்ளைங்க இருந்தா ஒரு வழி சொல்றேன். புது நத்தம் ரோட்ல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2023 ஜூலையில திறந்தது. குழந்தைங்களுக்குன்னு தனிப் பகுதி, ஜில்லுன்னு ஏசி. ஞாயித்துக்கிழமை மூத்தவளோட நான் அங்க போயிட்டேன்.)

சாயங்காலம் பூக்கடை. மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்குன்னு நான் விளக்க ஆரம்பிச்சேன். பூக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு அம்மாவோட பேரத்துக்குப் போயிட்டாங்க. பேரமே முழத்துல. அக்கா தன் கையால அளக்குறாங்க. அம்மா, "உங்க கை குட்டையா இருக்கு, என் கையால அள"ங்கிறாங்க. கடைசியில மூத்தவ கையால அளந்து, மேல ஒரு சாண் விட்டுக் குடுத்தாங்க. யாருக்கு லாபம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரி சிரிச்சாங்க.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல மறுபடி கோயில். மேலூர்க்காரங்க சீட்டோட கடைசி வரி.

நாதஸ்வரம் வருது. தவில் வருது. தீவட்டி வெளிச்சத்துல, சின்ன வெள்ளிப் பல்லக்குல சுந்தரேஸ்வரரோட பாதம் வருது. நாள் பூரா அவர் சந்நிதியில இருந்துட்டு, ராத்திரி மீனாட்சி வீட்டுக்குப் போறாரு. தினமும். அவ இடத்துக்கு அவர்தான் போகணும், இது மதுரை.

தங்கமணி என்னைப் பாத்தா. நான் தீவட்டியைப் பாத்தேன்.

சின்னவன் என் தோள்ல முழிச்சே இருந்தான். மத்தியானத் தூக்கம்! "அப்பா, சாமி தூங்கப் போறாரா?" ஆமாடா. "அப்போ நாம?"

நாம இட்லி சாப்பிடப் போறோம்.

ராத்திரி பதினொரு மணிக்கு, தெருவோரம், ஒரு பாட்டி இட்லித் துணியை உரிக்குறப்போ ஆவி கிளம்புது. நாலு சட்னி. பக்கத்துல பரோட்டாக் கடை டக டக. எதிர்ல பருத்திப்பால் வண்டி. பூ வித்துக்கிட்டிருக்காங்க, துணிக்கடைப் பையன் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு டீ குடிக்கிறான். மூத்தவ, "இதுதான் அல்லங்காடியாப்பா?"ன்னா. பகல் கடை நாளங்காடி, ராத்திரிக் கடை அல்லங்காடி, மதுரைக்காஞ்சியில ரெண்டும் வருது. தமிழ்ப் பாடத்துல பரீட்சைக்குப் படிச்ச வார்த்தையை அவ சட்னி தொட்டுக்கிட்டே சொன்னா.

சங்க காலத்துலேயே இந்த ஊருக்கு ராத்திரிக் கடை இருந்திருக்கு. நான் எட்டு மணிக்கு லைட்டை அணைச்சிருக்கேன்.

திங்கக்கிழமை விடியக்காலம் எழும்பூர். ஒன்பதரைக்கு ஆபீஸ். கண்ணு எரிஞ்சுது, ஆனா திட்டலை.

போன ஞாயித்துக்கிழமை, இங்க சென்னையில, மத்தியானம் ஒரு மணி. ஏதோ ஆபீஸ் வேலைன்னு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போகப் பாத்தேன். உள்ள பாயில அம்மா, பக்கத்துல மூத்தவ. சின்னவன் வாசல்ல நிக்கிறான், ஒரு கையை நீட்டி.

"நடை சாத்தியாச்சு. நாலு மணிக்கு மேல வாங்கண்ணே."

கதவைச் சாத்திட்டான்.

லேப்டாப்பை டைனிங் டேபிள் மேல வெச்சுட்டு, நானும் ஹால்ல ஒரு தலகாணியைப் போட்டுப் படுத்துட்டேன்.